நைனாவின் ரிப்போர்ட்டும் தம்பியின் கல்யாணமும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 67 வயது. வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். காசிமேட்டில் லாஞ்சு என்ஜின் பழுது பார்த்தவர். இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் பட்டறைக்குப் போகிறார். ஒன்றரை வருடம் முன்பு ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். டாக்டரிடம் காட்டியதில், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வீக்கம். அந்தச் சுரப்பி விடும் புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. 8.4. 12 இடங்களில் ஊசி போட்டு எடுத்த பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. ஒரு கூட்டு மாத்திரை கொடுத்தார்கள், இன்றுவரை தவறாமல் போடுகிறார், தொந்தரவும் குறைந்திருக்கிறது. போன மாதம் பார்த்தபோது பி.எஸ்.ஏ. 6.9. "குறைஞ்சிடுச்சு" என்று வீட்டில் நிம்மதி.

அந்த நிம்மதி இரண்டு வாரம்தான். தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று, ஒரு தனியார் லேபில் 'சிறுநீரிலேயே மரபணு டெஸ்ட்' எடுத்தார்கள். லேப் பையன் வீட்டுக்கே வந்து பாட்டிலில் சிறுநீர் வாங்கிப் போனார். ரிப்போர்ட்: 'பி.சி.ஏ.3 ஸ்கோர் 41. பாசிட்டிவ்.' கீழே சிறிய எழுத்தில், இது புரதம் உருவாக்காத ஓர் ஆர்.என்.ஏ.வை அளக்கும் சோதனை என்று ஒரு வரி.

வாசகியின் தம்பிக்கு 29 வயது. திருவொற்றியூரில் பெண் பார்த்துப் பேசி முடித்திருக்கிறார்கள். "மரபணுக் கோளாறுன்னு வெளியே தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும், வாயைத் திறக்காதீங்க" என்கிறார் பெரியம்மா. "புரதம் செய்யாத ஆர்.என்.ஏ. எல்லாம் குப்பை, ரிப்போர்ட்டும் குப்பை" என்கிறார் பி.எஸ்சி. படித்த சித்தப்பா மகன். இன்னொருவர், கெட்ட மரபணுவை அணைக்கும் காப்ஸ்யூல் என்று மூன்று மாதத்துக்கு 18,000 ரூபாய் கேட்கிறார். மறுபடி ஊசி, கத்தி என்று போனால் நோய் பரவிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். நைனாவிடம் யாரும் இதுவரை எதுவும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி: நைனாவின் அக்கா 46 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்தவர்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த 41 அல்ல. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறீர்களே, இரண்டு பெயர்கள்: டாம்சுலோசின், டுடாஸ்டரைடு. அங்கேதான்.

டாம்சுலோசின் சிறுநீர்ப் பாதையைக் கொஞ்சம் தளர்த்தும், அதோடு சரி. டுடாஸ்டரைடு சங்கதி வேறு. டெஸ்டோஸ்டிரோன் அதைவிட வீரியமான இன்னொரு ஹார்மோனாக மாறுவதை அது தடுக்கிறது. அதனால் புராஸ்டேட் மெதுவாகச் சுருங்குகிறது. கூடவே பி.எஸ்.ஏ.வும் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே இந்த மாத்திரை போடுகிறவரின் பி.எஸ்.ஏ.வை இரண்டால் பெருக்கிப் படிப்பது டாக்டர்களாகிய எங்கள் வழக்கம். நைனாவின் 8.4 இந்நேரம் 4 பக்கம் வந்திருக்க வேண்டும். வந்திருப்பது 6.9. இரண்டால் பெருக்கினால் 13.8. நீங்கள் இறக்கம் என்று நினைத்து நிம்மதி அடைந்தது உண்மையில் ஏற்றம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. சிறுநீர்த் தொற்று இருந்தாலும் பி.எஸ்.ஏ. ஏறும், புராஸ்டேட் அழற்சியிலும் ஏறும். நடுவில் மாத்திரையை விட்டிருந்தாலும் கணக்கு மாறிவிடும். ஆனால் 'குறைஞ்சிடுச்சு' என்று ஃபைலை மூடி வைக்கிற எண் இது இல்லை. இதைச் சொல்ல எந்த மரபணு டெஸ்ட்டும் தேவைப்பட்டிருக்காது. மாத்திரை அட்டையும் இரண்டு ரத்த ரிப்போர்ட்டும் போதும்.

'குப்பை' என்பது பழைய பாடம்

சித்தப்பா மகனைத் திட்டாதீர்கள். எங்களுக்கும் காலேஜில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். டி.என்.ஏ. செய்முறைப் புத்தகம், ஆர்.என்.ஏ. அதில் ஒரு பக்கத்தின் நகல், அந்த நகலைப் பார்த்து செல் புரதம் செய்கிறது. நம் டி.என்.ஏ.வில் புரதத்துக்கான செய்முறை இருப்பது சுமார் 2 சதவீத இடத்தில்தான். மீதியைக் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு பார்த்தால், அந்த மீதியிலும் பெரும்பகுதியை செல் மெனக்கெட்டு நகலெடுத்துக்கொண்டிருக்கிறது. புரதமாகப் போகாத நகல் எதற்கு?

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் பார்த்திருப்பீர்கள். ஏலம் கூறுகிறவர் கடலுக்குப் போகவில்லை, வலை இழுக்கவில்லை, மீன் வெட்டவும் போவதில்லை. ஆனால் எந்தக் கூடை என்ன விலைக்கு எந்த வண்டியில் ஏறும் என்பது அவர் வாயில் இருக்கிறது. இந்த ஆர்.என்.ஏ.க்களில் பலவும் அப்படித்தான். தாங்கள் எதையும் செய்வதில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யலாம், எது சும்மா இருக்கவேண்டும் என்று கூவிக்கொண்டிருக்கின்றன.

இவற்றில் பொடிசுகளுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர், சுமார் 22 எழுத்து நீளம். ஒரு புரதத்தின் நகல் வெளியே வந்ததும் அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டு வேலை நடக்கவிடாமல் செய்யும். 1993இல் ஒரு குட்டிப் புழுவில் முதலில் கண்டார்கள். அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்கனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. குப்பைக்கு நோபல் தரமாட்டார்கள் என்று சித்தப்பா மகனிடம் சொல்லுங்கள்.

புராஸ்டேட் புற்றுநோயில் இந்தக் கூச்சல் பல விதமாகக் கெட்டுப்போகிறது. 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு தொலைந்தால் அதோடு மைக்ரோ ஆர்.என்.ஏ. 15ஏ, 16 என்ற இரண்டு பிரேக்குகளும் போய்விடும். மைக்ரோ ஆர்.என்.ஏ. 101 தொலைந்தால், அது அடக்கி வைத்திருந்த ஒரு புரதம் பெருகி, வேறு பல மரபணுக்களைப் பூட்டிவிடும். 200 எழுத்துக்கு மேல் நீளமானவையும் உண்டு. அதில் ஹோட்டேர் என்று ஒன்று. ஆண் ஹார்மோனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, செல் அதை அழித்துவிடாமல் காப்பாற்றுவதை ஆய்வகச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். ஹார்மோனை நிறுத்திய பிறகும் சிலருக்கு ஏன் நோய் திரும்ப வளர்கிறது என்பதற்கு இது ஒரு துப்பு. ஷ்லாப்1 என்று இன்னொன்று, அது அதிகமாக இருக்கும் கட்டிகள் பரவும் குணமுள்ளவை.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் பி.சி.ஏ.3 இந்த நீளக் கூட்டத்தைச் சேர்ந்தது. 1999இல் இதை வெளியிட்டவர்கள் பார்த்த 56 புற்றுநோய்ப் புராஸ்டேட்டுகளில் 53இல் இது மிக அதிகமாக இருந்தது. உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேடிக்கை. 9ஆம் குரோமோசோமில் புரூன்2 என்ற மரபணுவின் வயிற்றுக்குள்ளேயே, எதிர்த்திசையில் எழுதப்பட்டிருக்கிறது. புரூன்2 புராஸ்டேட் செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற ஆள். பி.சி.ஏ.3இன் நகல் புரூன்2இன் நகலோடு ஜோடியாக ஒட்டிக்கொள்ள, அந்த ஜோடியில் ஒரு நொதி கைவைத்து எழுத்துகளை மாற்ற, புரூன்2 குறைந்துபோகிறது. சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டுக்காரரின் வாயை அடைப்பது மாதிரி.

அப்படியானால் அந்த 41?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் இந்தச் சோதனைக்கு அனுமதி கொடுத்தது, அதுவும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு. 50 வயது தாண்டியவர், முன்பு எடுத்த பயாப்ஸியில் ஒன்றும் இல்லை, மறுபடி எடுக்கலாமா என்ற யோசனை. அவருடைய ஸ்கோர் 25க்குக் கீழே இருந்தால் மறு பயாப்ஸியில் புற்றுநோய் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. இவ்வளவுதான். 25க்கு மேல் போனால் புற்றுநோய் உறுதி என்று அர்த்தமே இல்லை. எவ்வளவு வேகமான நோய் என்றும் அது சொல்லாது. 'பாசிட்டிவ்' என்ற வார்த்தை உங்கள் வீட்டில் செய்த வேலையைப் பார்த்தால், அந்தக் காகிதத்தில் அதை அச்சடித்தவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

வயதையும் பழைய பயாப்ஸியையும் பார்த்தால் நைனா இந்தச் சோதனைக்குப் பொருத்தமானவர்தான். எடுத்த விதத்தில்தான் இரண்டு ஓட்டைகள். முதலாவது, டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டை அழுத்தித் தடவிய பிறகு முதலில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் புராஸ்டேட் செல்கள் போதுமான அளவு சிறுநீரில் இறங்கும். வாசலில் நின்று பாட்டில் வாங்கிப் போவது இந்தச் சோதனைக்கு ஆகாது.

இரண்டாவது அந்த மாத்திரை. ஸ்கோர் என்பது பி.சி.ஏ.3 ஆர்.என்.ஏ.வை, பி.எஸ்.ஏ. மரபணுவின் ஆர்.என்.ஏ.வால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவது. கீழே இருக்கும் பி.எஸ்.ஏ. மரபணு ஆண் ஹார்மோன் சொல்படி நடப்பது. டுடாஸ்டரைடு கைவைப்பதும் அந்த ஹார்மோனில்தான். வகுக்கிற எண் மாறினால் விடை என்ன ஆகும்? அதனால்தான், பி.எஸ்.ஏ.வை மாற்றக்கூடிய இந்த வகை மாத்திரை போடுகிறவர்களுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று தயாரிப்பாளரின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. மாத்திரை அட்டையைப் பார்க்க லேப் பையனுக்குத் தோன்றவில்லை.

ஆக, 41ஐ நான் கிழித்துப் போடச் சொல்லமாட்டேன், நம்பவும் சொல்லமாட்டேன். ஃபைலில் கிடக்கட்டும். காசு கொடுத்துத் திரும்ப எடுக்க வேண்டாம். அது 10 என்று வந்திருந்தாலும், 6.9ஐயும் டுடாஸ்டரைடையும் பார்த்துவிட்டு நான் இதே அடுத்த படியைத்தான் சொல்லியிருப்பேன்.

கல்யாணத்துக்கும் இதற்கும்

பெரியம்மாவின் பயம் 'மரபணு' என்ற ஒரு சொல்லிலிருந்து வந்தது. இந்தச் சோதனை பார்த்தது, இன்றைக்கு நைனாவின் புராஸ்டேட் செல்லில் ஒரு மரபணு எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதை. அந்தச் சத்தம் பிள்ளைக்குப் போகாது. பரம்பரையாக வரும் பிழையைப் பார்க்க வேண்டுமானால் ரத்தத்திலோ எச்சிலிலோ எடுப்பார்கள். அது வேறு சோதனை, வேறு ரிப்போர்ட். பெண் வீட்டாரிடம் மறைக்க இந்தக் காகிதத்தில் ஒன்றும் கிடையாது. தம்பி தாராளமாகத் தாலி கட்டட்டும்.

நாளைக்கு நைனாவுக்குப் புற்றுநோய் என்றே முடிவானாலும், அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்காக அவர் செய்யவேண்டியது, 45 வயதில் டாக்டரிடம் பேசி பி.எஸ்.ஏ. பார்க்கத் தொடங்குவது. இன்னும் 16 வருடம் இருக்கிறது.

எல்லோரும் தம்பியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்கு உங்களைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது. அத்தை 46இல் மார்பகப் புற்றுநோயில் போனார் என்று ஒற்றை வரியில் எழுதியிருக்கிறீர்கள். பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் பரம்பரைப் பிழை இருக்கும் குடும்பங்களில் பெண்களுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். ஓர் அத்தையை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. ஆனால் நைனாவின் பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தால், அத்தையைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் சொல்லி, முதலில் நைனாவுக்கு அந்த ரத்தச் சோதனை தேவையா என்று கேளுங்கள். அவருக்கு இருந்தால் உங்களுக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போது உங்கள் மார்பகப் பரிசோதனையைச் சீக்கிரமே தொடங்க வேண்டியிருக்கும். முற்றிய நோயில் இந்தப் பிழை உள்ளவர்களுக்கென்றே ஓலாபரிப் என்ற மாத்திரையும் இருக்கிறது.

காப்ஸ்யூல்காரர்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு இந்த ஆர்.என்.ஏ.க்களைக் குறிவைக்கும் அனுமதி பெற்ற மருந்து இன்றுவரை எதுவும் கிடையாது. முயற்சி நடக்கவில்லை என்று இல்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. 34ஐ கொழுப்புக் குமிழியில் அடைத்து, ஊசி வழியாகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தில் கடுமையான பாதிப்புகள், சில மரணங்கள், 2016இல் நிறுத்திவிட்டார்கள். பெரிய பெரிய விஞ்ஞானிகள் கைசுட்டுக்கொண்ட இடத்தில், 18,000 ரூபாய்க் காப்ஸ்யூல் சாதிக்கும் என்று நம்பாதீர்கள்.

அப்புறம், 'மூலிகைதானே, கெடுதல் இல்லை' என்பார். புராஸ்டேட்டுக்கென்று அமெரிக்காவில் விற்ற ஒரு மூலிகைக் கலவையில் ரகசியமாகப் பெண் ஹார்மோனும் ரத்தத்தை இளக்கும் மருந்தும் கலந்திருந்தது தெரிந்து 2002இல் திரும்பப் பெற்றார்கள். அதைச் சாப்பிட்டவர்களுக்கு பி.எஸ்.ஏ. குறைந்தது உண்மை, நைனாவுக்கு இப்போது குறைந்ததுபோல, எண் மட்டும் ஏமாற்றும் ஆபத்து அதிலும் இருந்தது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவர் கொடுத்த நோட்டீஸைத் தூக்கிப்போடாமல் வைத்துக்கொண்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் கொடுக்கலாம்.

இனி

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு, பழைய லேபிலேயே பி.எஸ்.ஏ.வைத் திரும்ப எடுங்கள். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். நிறுத்தினால் கணக்கு இன்னும் குழம்பும்.

அது இறங்கவில்லை என்றால் பயாப்ஸிக்கு முன்னால் புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. முதல் தடவை 12 இடத்தில் எடுத்தது குத்துமதிப்பாக எடுப்பதுதான். சுரப்பியின் முன்பக்கம் ஒளிந்திருக்கும் கட்டி அதில் தப்பிவிடும். 500 ஆண்களை வைத்து 2018இல் வந்த ஓர் ஆய்வில், எம்.ஆர்.ஐ. பார்த்துக் குறிவைத்து எடுக்கும் முறைக்குப் பிரித்தவர்களில் 38 சதவீதத்தினருக்கும், பழைய முறையில் 26 சதவீதத்தினருக்கும் சிகிச்சை தேவைப்படும் வகைப் புற்றுநோய் கிடைத்தது. எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தால் பயாப்ஸியைத் தள்ளிப்போடலாமா என்று அப்போது பேசலாம். இந்தக் கணக்கில் எனக்கு உடனே தள்ளிப்போட மனம் வராது, அது என் அபிப்பிராயம்.

ஊசி பட்டால் பரவும் என்று அம்மா சொல்வதை வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எல்லா வீட்டிலும் கேட்டுவிட்டேன். புராஸ்டேட் பயாப்ஸியால் நோய் பரவி ஆயுள் குறைவதாகப் பார்த்ததில்லை. உண்மையான ஆபத்து ரத்தக் கசிவும் காய்ச்சலும். ஆசனவாய் வழியாக இல்லாமல், விதைப்பைக்குப் பின்னால் இருக்கும் தோல் வழியாக எடுத்தால் தொற்று குறைவு. அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். நைனாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் பயாப்ஸியின் ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்துக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவர்களுக்கான விதி இருக்கிறது. அப்போது எடுத்த சதைத் துணுக்குகளை வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், இன்னொரு நிபுணர் பார்க்க உதவும். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே சிறுநீரகவியல் பிரிவு இருக்கிறது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். எந்தச் சோதனைக்கு, எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் கஷ்டம்.

நைனாவிடம் சொல்லாமல் இதில் எதுவும் முடியாது, கூடாதும். உடம்பு அவருடையது. பயாப்ஸிக்குக் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான். முப்பது நாற்பது வருடம் என்ஜினைப் பிரித்து, சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடித்தவருக்கு, "மாத்திரை எண்ணைப் பாதியாகக் காட்டுது, ஒருதடவை திறந்து பார்த்துடலாம்" என்றால் நம்மைவிட நன்றாகப் புரியும். கண்டுபிடித்த பிறகும் எல்லோருக்கும் உடனே அறுவை என்று கிடையாது. பரவாத நோயுள்ள 1,643 பேரை, கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து பிரிட்டனில் 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். அந்த நோயாலேயே இறந்தவர்கள் மொத்தத்தில் 45 பேர், மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. நைனாவுடையது எந்த ரகம் என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சைப் பேசலாம். அப்போது இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

ஓ.பி.க்குப் போகும்போது இரண்டு பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டையும், மாத்திரை தொடங்கிய தேதியையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்த மாத்திரை அட்டையையும் மறக்காதீர்கள். காலி அட்டையாக இருந்தாலும் சரி.